எண்ணெய் பூசியும் சாகாதவள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாகவில்லை. சாகப்போகிறேன் என்று எந்த டாக்டரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் ஒரு வாரம், ஜாலான் புசார் பக்கத்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைச் சாகடித்துவிட்டார்கள். படம் பெரிதாக்கியாகிவிட்டது, சேலை எடுத்து வைத்தாகிவிட்டது, என் வேலையை இன்னொருத்தரிடம் கொடுத்தாகிவிட்டது. நான் சாக வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதைச் செய்யாத குற்றத்தைச் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது உடம்பு கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், விரல் பேனாவைப் பிடிக்கிறது. அதனால் எழுதுகிறேன். என்னைப் போல ஆயுசுக்கும் தீராத வியாதியைச் சுமக்கிறவர்கள் பூசை முடிந்து என்னிடம் வந்து, "எப்படிக்கா தாங்குறீங்க?" என்று கேட்கிறார்கள். தாங்குவதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கோபப்படுவதைப் பற்றி நன்றாகத் தெரியும்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒரு நாள் காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. வெந்நீரில் முக்கி வைத்துப் பிறகுதான் பல் தேய்க்க முடிந்தது. வாதம் என்றார்கள். அம்மா தேக்கா கடைத்தெருவில் கிடைக்கிற எல்லாத் தைலத்தையும் வாங்கித் தேய்த்தாள். பஸ்ஸில் நான் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். அப்புறம் வெயிலில் நடந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் சிவந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சேர்த்துச் சிவப்பாகத் தடித்துவிட்டது. அது மறையவே இல்லை. முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த கேலாங் வீட்டார், "பொண்ணுக்குத் தோல்ல ஏதோ இருக்காமே" என்று சொல்லி அனுப்பிவிட்டு அத்தோடு நின்றுகொண்டார்கள். குஷ்டம் என்று நினைத்திருக்கிறார்கள். நேரில் வந்து கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஒரு வருஷம் கிளினிக் கிளினிக்காக அலைந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து வியாதிக்குப் பெயர் சொன்னார். லூப்பஸ். நோய்க்கிருமி உள்ளே வந்தால் எதிர்த்துச் சண்டை போடுவதற்கு உடம்பில் ஒரு காவல் இருக்கிறதாம். என் உடம்பில் அந்தக் காவலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வீட்டு நாயே வீட்டுக்காரரைக் கடிப்பதுபோல, என் மூட்டையும் தோலையும் அதுவே கடிக்கிறது. தொற்றாது. யார் செய்த பாவமும் இல்லை. மருந்து உண்டு, குணம் கிடையாது. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். அடக்குவதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்தது, முகம் இட்லி மாதிரி உப்பியது. என் அண்ணி ரீத்தா, நான் கேட்காமலேயே, என் ரவிக்கைகளை எல்லாம் பிரித்துப் பக்கத்தில் துணி கொடுத்துத் தைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அண்ணிக்குப் பேசத் தெரியாது, தைக்கத் தெரியும்.

டைப் அடிக்கிற விரல் போனதும் வேலை போனது. கல்யாணப் பேச்சு ஏற்கெனவே போயிருந்தது. எனக்கென்று மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுதான்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டிய ஓர் அறையில், புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு முன்னால் செபங்கள் தெரிய வேண்டும், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தெரிய வேண்டும். ஆறு வருஷமாக நான்தான் டீச்சர். அந்த வருஷம் பதினோரு பிள்ளைகள். எல்லாம் இங்கிலீஷ் ஸ்கூல் பிள்ளைகள். "டீச்சர், கடவுளுக்கு ஐ.சி. இருக்கா?" என்று கடவுளுக்கே அடையாள அட்டை கேட்கிற ரகம். அவர்களோடு கத்திவிட்டு வரும்போது எனக்கு வியாதி இருப்பதே மறந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது கால் வீங்கியது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. வியாதி சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம் என்று வார்டில் படுக்கச் சொன்னார்கள். சி கிளாஸ் வார்டு, காசில்லாதவர்களுக்கானது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், தலைக்கு மேலே கடகடவென்று விசிறி. முதல் வேலையாக ஒரு பெரிய பாட்டிலைக் கொடுத்து, இருபத்துநாலு மணி நேரத்துச் சிறுநீரையும் அதில் சேர்க்கச் சொன்னார்கள். எவ்வளவு சத்து ஒழுகிப் போகிறது என்று அளப்பதற்காம். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்கார அம்மாள், எல்லாருக்கும் அவள் மாக்சிக், போகும்போதும் வரும்போதும் "நிரம்பிருச்சா?" என்று கையால் கேட்பாள். அவளுக்கும் அதே பாட்டில்தான்.

அடுத்தது பயாப்சி. முதுகுப் பக்கமாக நீள ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் கனத்துக்குத் துளி சதை எடுத்துப் பார்ப்பது. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்ய அது வேண்டும். முடிந்த பிறகு ஒரு நாள் முழுக்க அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இரத்தம் கசியும். இதைக் கேட்டதும் பயந்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அதற்கு முந்தின நாள் மதியம் எங்கள் பங்குச் சாமியார் அமலநாதர் வார்டுக்கு வந்தார். புதுச்சேரிக்காரர். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கள் கோயில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போவார்.

"நாளைக்கு ஊசி விட்டு எடுக்கப் போறாங்களாமே. பயமா இருக்கா செசிலி?"

"இருக்கு சாமி."

"எண்ணெய் பூசட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவஸ்தைப்பூசுதலா? ஏன் சாமி, நான் சாகப்போறேனா?"

அவர் சிரித்தார். சாகிறவர்களுக்கு மட்டும் பூசுவது பழைய வழக்கம், இப்போது திருச்சபை அதை மாற்றிவிட்டது, கடும் நோயில் இருக்கிற யாருக்கும் தைரியத்துக்காகப் பூசலாம் என்று விளக்கினார். சரி என்றேன். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் தொட்டுச் சிலுவை வரைந்து செபித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக என் கையை ஊசி குத்துவதற்குத்தான் எல்லாரும் பிடித்தார்கள். மெதுவாக ஒருத்தர் அந்தக் கையைத் தொட்டு, கடவுளே இவளைப் பார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சாயந்திரம் அம்மா கஞ்சியோடு வந்தாள். நான் சந்தோஷமாக, "சாமி வந்து எண்ணெய் பூசிட்டுப் போனாரும்மா" என்றேன்.

டிபன் கேரியர் கீழே விழுந்தது. கஞ்சி மாக்சிக் கட்டில் வரைக்கும் ஓடியது.

அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எண்ணெய் பூசினால் ஆள் போய்விடும். அவள் பார்த்த எல்லாருக்கும் அப்படித்தான் நடந்தது, என் அப்பா உட்பட. சாகிற நேரத்துக்குத்தான் சாமியாரைக் கூப்பிடுவார்கள், அவர் பூசிவிட்டுப் படியிறங்கும்போது இங்கே மூச்சு நிற்கும். அதனால்தான் எங்கள் ஜனங்களுக்குச் சாமியாரை வியாதி வீட்டுக்குக் கூப்பிடவே பயம். நான் புதுமுறையை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்டால்தானே.

"நாங்க யாரும் கூப்பிடலையே. அவரா வந்தாருன்னா, டாக்டர் அவருகிட்ட சொல்லிட்டாருடி. நம்மகிட்ட சொல்ல மனசு வரல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பயாப்சி முடிந்தது. குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கு அடியில் மணல் மூட்டை கொடுத்து, "மூச்சைப் பிடி" என்றார்கள். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். வலி பரவாயில்லை, சத்தம்தான் பயங்கரம். வார்டுக்குக் கொண்டுவந்து மல்லாந்து போட்டுக் கையைக் காலை ஆட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாயந்திரம் மணியடித்துப் பார்வையாளர்களை விட்டதும் பார்க்கிறேன், எங்கள் கோயில் மாதா சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக வருகிறார்கள். முன்னால் சபைத் தலைவி இஞ்ஞாசியம்மா அக்கா, கையில் செபமாலை. நானோ வெள்ளைப் போர்வையில் நீட்டி நிமிர்ந்து கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடக்கிறேன். பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

கட்டிலைச் சுற்றி நின்று நல்ல மரணத்துக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார்கள். கண் மங்கும் வேளையிலே, நாக்கு குளறும் வேளையிலே என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தியும் என் கண்ணையும் வாயையும் உற்றுப் பார்க்கிறாள். "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். இஞ்ஞாசியம்மா அக்கா என் நெற்றியைத் தடவி, "பேசாதம்மா, வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்றார். எழுந்திருக்க முடிந்திருந்தால் அந்தச் செபமாலையைப் பிடுங்கியிருப்பேன். எழுந்தால் இரத்தம் கசியும். கிடந்து கேட்டேன். என் சாவுக்கு நானே ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வீட்டார் என்னிடம் காட்டிய அன்பு இருக்கிறதே, அதில்தான் நான் நடுங்கிப்போனேன். உப்புக் குறைத்த சாப்பாடு எனக்கு. அண்ணி முந்தானைக்குள் ஒளித்துக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். "உனக்குப் பிடிக்குமே, சாப்பிடு" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி பார்த்துவிட்டுப் பாத்திரத்தைப் பிடுங்கி, "சாகடிக்கணும்னே கொண்டுவர்றீங்களா?" என்று கத்தினாள். அண்ணி ஓவென்று அழுதுவிட்டாள். மறுநாள் என் அண்ணன் சவரி வந்தான். ஹார்ட்வேர் கடையில் வேலை, சாயந்திரம் லீவு கிடைப்பதே அபூர்வம். வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் என் உண்டியலை உடைத்துப் படம் பார்த்தது அவன்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டான். இருபது வருஷமாக இல்லை என்று சாதித்துவிட்டு இப்போது எதற்கடா இது என்று நினைத்தேன்.

ஒருவேளை உண்மையா? என்னைத் தைரியப்படுத்தத்தான் சாமியார் புதுமுறை என்று சொன்னாரா? டாக்டர் எல்லாரிடமும் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் மறைக்கிறாரா?

இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் சாகிறவளாகவே இருந்தேன். கடவுளிடம் கெஞ்சினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் சண்டை போட்டேன். விசிறியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வண்டி வண்டியாகத் திட்டினேன். அப்போது ஒன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கல்யாணம் ஆகவில்லையே என்று நான் திட்டவில்லை. வேலை போனதற்கும் திட்டவில்லை. அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கும் பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப செபம் பாதிதான் வந்திருக்கிறது, பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படி முழந்தாள் போடுவது என்று இன்னும் காட்டவில்லை, அதற்குள் என்ன அவசரம் உனக்கு என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு எது வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உடம்பைத் தராவிட்டாலும் போ, அந்த அறையை எனக்கு விட்டுவிடு என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் மனதாரச் செய்த செபம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நேராகக் கேட்டுவிட்டேன். எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று.

அவர் திகைத்து, சார்ட்டைத் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதையாவது எடுத்து வந்துவிட்டோமோ என்று. யார் உன்னிடம் அப்படிச் சொன்னது என்றார். சதைத் துளியின் ரிசல்ட் வந்துவிட்டது, சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, ஆனால் மருந்துக்குக் கேட்கக்கூடிய நிலைதான், மாத்திரையைக் கூட்டினால் போதும், அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆயுசு முழுக்க மாத்திரை, அடிக்கடி ஆஸ்பத்திரி, வெயில் ஆகாது, உப்பு ஆகாது. அவ்வளவும் கேட்டுக்கொண்டு நான் சிரித்தேன். அவர் போன பிறகு மாக்சிக் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் சுவரில் நான். சிராங்கூன் ரோடு ஸ்டூடியோவில் என் ஆபீஸ் படத்தைப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். கழற்ற மறந்துவிட்டார்கள். அலமாரியில் என் புதுநன்மை நாள் வெள்ளை முக்காடும் வெள்ளைச் சேலையும் இஸ்திரி போட்டு, சவப்பெட்டிக்கென்று தனியாக இருந்தன. நான் படத்தையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சவரி தலையைச் சொறிந்தான்.

"நல்லாத்தானே இருக்கு படம்," என்றான்.

"மூஞ்சி உப்பறதுக்கு முன்னாடி எடுத்த படம்லா," என்றேன். "அந்த மூஞ்சியோட நான் இப்போ பெட்டிக்குள்ள படுத்தா, வேற யாரோன்னு நினைப்பாங்க."

அண்ணி சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு படத்தைக் கழற்றினாள். வீட்டாரை மன்னித்துவிட்டேன். அவர்கள் பயந்தார்கள், பயந்த ஜனங்கள் எதையும் செய்வார்கள். வகுப்பு விஷயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வந்த முதல் ஞாயிறு, குடை பிடித்துக்கொண்டு, வீங்கிய காலில் சவரியின் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து அறைக்குப் போனால் உள்ளே இஞ்ஞாசியம்மா அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் ஊமையாக உட்கார்ந்திருக்கின்றன. என்னைப் பார்த்ததும் இரண்டு பிள்ளைகள் எழுந்தன. அக்கா விரலைக் காட்டியதும் உட்கார்ந்துகொண்டன. அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"நீ ஏம்மா அலையறே? வகுப்ப நான் பாத்துக்கறேன்."

"நான் வந்துட்டேன்லக்கா. இனிமே நானே எடுக்கறேன்."

"இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தாய்மார்ங்க பயப்படறாங்க. அவஸ்தை வாங்கின பொண்ணு, பிள்ளைங்கள தொட்டுப் பேசறது நல்லதில்லன்னு. எண்ணெய் வாங்கிப் பிழைச்சவங்கள ஆண்டவர் தனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காரு. உனக்கு இப்போ வேற வேலை. வீட்டுல படுத்து எங்களுக்காக வேதனையை ஒப்புக்கொடு. அதவிடப் பெரிய ஊழியம் ஏது?"

பெரிய ஊழியமாம். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வலியை ஒப்புக்கொடுப்பதை நான் கேலி செய்யவில்லை. கரும்பலகையில் எழுதத் தோள் தூக்கும்போது உயிர் போகும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்துத்தான் எழுதுவேன். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது எனக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். இன்னொருத்தர் வந்து, வலிப்பதுதான் உன் உத்தியோகம், போய்ப் படுத்து வலியைத் தாங்கு என்று சொல்வதற்கு யார்? அதுவும் இரண்டு கையும் காலும் நன்றாக இருக்கிறவர்!

"அக்கா," என்றேன், "அவ்வளவு பெரிய ஊழியம்னா நீங்க எடுத்துக்குங்க. என் மூட்டு வலிய நான் தர்றேன்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேராகச் சாமியார் அறைக்குப் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"எண்ணெய் பூசினீங்களே சாமி, எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கோயில்ல போன வருஷமே அறிக்கை வாசிச்சேனேம்மா."

"அறிக்கைய யாரு கேக்கறா? அறிக்கை நேரத்துலதான் எல்லாரும் குடையத் தேடறாங்க. நீங்க பூசிட்டுப் போயிட்டீங்க, நான் செத்துட்டேன். என் வகுப்பும் போச்சு."

அவர் காபியைக் கீழே வைத்தார். தப்பு என் மேல்தான் என்றார். ஆனால் வகுப்பு விஷயத்தில் தாய்மார்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார். "கொஞ்ச நாள் போகட்டும் செசிலி. உனக்கு நல்லா குணமாகட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"எனக்குக் குணமாகாது சாமி." என் குரல் உடைந்துவிட்டது, அதுவும் எனக்குக் கோபம். "இது குணமாகிற வியாதி இல்ல. குணமானாத்தான் வகுப்புன்னா, சாகற வரைக்கும் எனக்கு வகுப்பு இல்லன்னு அர்த்தம். அதை நேரா சொல்லிடுங்க."

நான் விடவில்லை. திருச்சபை மாறிவிட்டது என்று எனக்குச் சொன்னீர்கள், அதை எல்லார் கண் முன்னாலும் செய்து காட்டுங்கள், ஞாயிறு பூசையில், கோயில் நடுவில், எனக்கு மறுபடி பூசுங்கள் என்றேன். வியாதி கூடியிருந்தால்தான் மறுபடி பூசலாம் என்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். கட்டை விரலால் அழுத்திக் குழியையும் காட்டினேன். சரி என்றார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் பதினைந்து நிமிஷம் அதையே பேசினார். இந்த எண்ணெய் உயிரோடு இருக்கிறவர்களுக்கு, நோயோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு, சமைக்கிறவர்களுக்கு. கடும் நோய் உள்ளவர்கள் யாராயிருந்தாலும் முன்னால் வாருங்கள் என்றார். எனக்குத் தெரிய அங்கே சர்க்கரை வியாதியில் விரல் எடுத்தவர் இருந்தார். ஆஸ்த்மாக்காரர் இருந்தார். மாரில் கட்டியோடு ஒரு பெண் இருந்தாள். ஒருத்தர் அசையவில்லை. எழுந்தால் சாவை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

நான் எழுந்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. ஒரு தடவ தப்பிச்சது போதும்."

"விடும்மா."

கால் வலியில் நடு வழி நீளமாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. இஞ்ஞாசியம்மா அக்கா முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார். பீடத்துக்கு முன்னால் நான் மட்டும் நின்றேன். நெற்றியில் பூசினார். கையை நீட்டினேன். விரல்கள் முழுசாக விரியவில்லை, அவரே மெதுவாகப் பிரித்துப் பூசினார். நான் இடத்துக்குத் திரும்பவில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று நின்றேன். விழவும் இல்லை, சாகவும் இல்லை.

யாரோ வரும் சத்தம். திரும்பினால் அம்மா. முகம் வெளுத்து, சாவுக்கே போகிறவளைப்போல் வருகிறாள். என் அப்பாவுக்குப் பூசியதைப் பார்த்தவள் அவள்.

"எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு சாமி," என்றாள். "எட்டு வருஷமா. எனக்கும் பூசுங்க." பூசி முடித்ததும் என் பக்கத்தில் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஆஸ்த்மாக்காரர் வந்தார். மாரில் கட்டியுள்ள அந்தப் பெண் வந்தாள். மொத்தம் ஆறு பேர் இருக்கும். இஞ்ஞாசியம்மா அக்கா வரவில்லை. பூசை முடிந்ததும் அறைச் சாவியைச் சாமியாரின் மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் எனக்கு ஸ்தோத்திரம் சொல்வதில்லை.

அறையைத் திறந்து ஜன்னலையும் திறந்துவிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு வந்தது, எட்டு வந்தது. ஒன்பதாவது பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் தாய் வாசலிலேயே நின்றாள். என் நெற்றியையே பார்த்தாள். உள்ளே விடவும் இல்லை, கூட்டிக்கொண்டு போகவும் இல்லை.

"இப்போ எப்படி இருக்கு டீச்சர்?" என்றாள். "எண்ணெய் பூசினாங்களே. வலி விட்டுடுச்சா?"

"இல்லம்மா. வலிக்குது," என்றேன். "நேத்து மாதிரியேதான் வலிக்குது. பிள்ளைய உள்ள விடுங்க, மணியாச்சு."